ஊசி வைத்தியமும் உலவும் கதைகளும்

நீரிழிவு மாத்திரையை நிறுத்திவிட்டு அக்குபங்சரை நாடுவோர் கல்முனைப் பகுதியிலும் உளர். கேட்டால், “சீனத்தில் ஈராயிரம் ஆண்டாக இடையறாது நிலைத்த வைத்தியமன்றோ!” என்பர். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். வரலாறோ வேறு. 1822 இல் தாவோகுவாங் பேரரசர் அதனை அரச வைத்தியக் கழகத்திலிருந்தே விலக்கினார். மேனாட்டு முறை கற்ற வைத்தியர் போதாத 1950களில், மாவோவின் அரசே அதற்கு மீண்டும் ஏற்றமளித்தது.

மற்றொரு கதை, 1971 இல் பீக்கிங்கில் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்கு மயக்கமருந்தின்றி, அக்குபங்சரைக் கொண்டே குடல்வாலை அகற்றினர் என்பது. இதுதான் உலகெங்கும் பரவிற்று. அவர் எழுதியதைப் படித்தோர் சிலரே போலும்! அறுவைக்கு வழக்கமான விறைப்பு மருந்தே ஏற்றப்பட்டது. அக்குபங்சர் ஊசிகள் ஏறியது அறுவைக்குப் பின் இரண்டாம் இரவில். அதுவும் வயிற்றுப் பொருமலுக்கு.