ஸ்பீட்ரன்னில் வட்டாரக் கன்சோல் வேறுபாடு

ஒரே வீடியோ கேம், வெவ்வேறு நாடுகளுக்கென விற்கப்பட்ட கன்சோல்களில் வெவ்வேறு வேகத்தில் இயங்குவது வட்டாரக் கன்சோல் வேறுபாடு எனப்படும். விளையாட்டை இயன்றவரை குறைந்த நேரத்தில் முடிக்க முயலும் ஸ்பீட்ரன்னில், கருவி பற்றிய விதிகள் பலவும் இதிலிருந்தே பிறக்கின்றன.

இதன் வேர் பழைய தொலைக்காட்சி முறைகளில் உள்ளது. ஜப்பானிலும் வட அமெரிக்காவிலும் வழங்கிய என்டிஎஸ்சி முறை திரையை நொடிக்கு ஏறத்தாழ 60 முறையும், ஐரோப்பாவின் பெரும்பகுதியில் வழங்கிய பால் முறை 50 முறையும் புதுப்பித்தன. அக்காலக் கேம்கள் தம் கணக்கீட்டை இப்புதுப்பிப்புடன் பிணைத்திருந்தமையால், திருத்தமின்றிப் பால் கன்சோலுக்குச் சென்றவை ஆறில் ஒரு பங்கு வேகம் இழந்தன. மெகா டிரைவில் 1991இல் வந்த சோனிக் தி ஹெட்ஜ்ஹாக் இதற்குத் தெளிவான சான்று. சூப்பர் மாரியோ பிரதர்ஸின் பால் பதிப்பிலோ வேகம் ஈடுகட்டப்பட்டது. ஆயினும், கட்டம் முடிந்ததை நிரல் சரிபார்க்கும் இடைவெளி 21 பிரேம்களிலிருந்து 18 ஆக மாறியதால், இரு பதிப்புகளின் நேரங்களை ஒரே பட்டியலில் வைப்பது முறையாகாது.

ஒரே நாட்டிலும் பதிப்பு முக்கியம். சூப்பர் மாரியோ 64இன் 1997ஆம் ஆண்டு ஜப்பானிய மறுபதிப்பான ஷிண்டோ பதிப்பில், பின்னோக்கி நீளத் தாவி வேகம் திரட்டும் பிழை நீக்கப்பட்டதால், அதைச் சார்ந்த ஓட்டங்கள் அங்கு இயலா. உரை விரைவாக ஓடும் முந்தைய ஜப்பானியப் பதிப்பே விரும்பப்படுகிறது.

கன்சோலைக் கணினியில் போலச் செய்யும் எமுலேட்டர்கள் ஏற்றும் நேரத்தையும் தாமதத்தையும் துல்லியமாகப் பின்பற்றாதபோது, அவற்றின் ஓட்டங்கள் தனியே பட்டியலிடப்படுகின்றன. சூப்பர் நிண்டெண்டோவின் ஒலிச்சில்லை இயக்கும் பீங்கான் அதிர்வி வெப்பநிலைக்கேற்பச் சற்று மாறுவதால், ஒரே வகைக் கன்சோல்களிடையேயும் ஏற்றும் நேரம் சிறிது வேறுபடும்.