காற்று குறைவா? பெரிய பாராவிங் கைகொடுக்குமா?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சிங்கப்பூரின் மேக்ஸ் மேடர் காற்றாடி ஃபாயில் போட்டியில் வெண்கலம் வென்றது ஆகஸ்ட் 9ஆம் தேதி. நம் தேசிய தினம்! உண்மையில் அந்த இறுதிச் சுற்று முதல்நாளே நடந்திருக்க வேண்டும். மார்சே கடலில் காற்று போதவில்லை. போட்டி தள்ளிப்போனது.

ஒலிம்பிக் வீரர்களுக்கே அந்த நிலை என்றால், இங்கே வாரயிறுதியில் விங் ஃபாயிலிங் பழகுவோருக்குக் கேட்கவே வேண்டாம். "கொஞ்சம் பெரிய பாராவிங் வாங்கினா சரியாயிடுமா?" என்று நீங்களும் யோசித்திருக்கலாம்.

உதவும். ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு அல்ல. ஏன் என்று பார்ப்போம்.

பாராவிங் என்றால் என்ன?

விங் ஃபாயிலிங்கில் பலகைக்கு அடியில் ஒரு தண்டு இருக்கும். அதன் நுனியில் குட்டி விமான இறக்கை போன்ற ஃபாயில். வேகம் கூடினால் பலகை நீரைவிட்டு மேலே எழும். அந்த வேகத்தைத் தருவது நீங்கள் கையில் பிடித்திருக்கும், காற்றடைத்த விங்.

பாராவிங்கில் காற்றடிக்கும் வேலையே இல்லை. ஒற்றை அடுக்குத் துணி, மெல்லிய கயிறுகள், கையில் பிடிக்க ஒரு சிறிய கம்பு. அவ்வளவுதான். 2024இல் ஹவாயின் மாவி தீவிலிருந்து பிரபலமானது. பலகை எழுந்ததும் அதைச் சுருட்டி இடுப்புப் பையில் திணித்துவிட்டு, வெறுங்கையோடு அலைமேல் போகலாம். அதுதான் அதன் கவர்ச்சி.

பலவீனமும் அங்கேதான் இருக்கு. காற்றடைத்த விங் தன் வடிவத்தைத் தானே தாங்கிக்கொள்ளும், தண்ணீரில் மிதக்கும். பாராவிங்கை விரித்து வைத்திருப்பது வீசும் காற்று மட்டுமே. காற்று நின்றால் அது தொப்பென்று கடலில் விழும். துணி நனையும், கயிறு சிக்கும்.

கணக்கு என்ன சொல்கிறது?

காற்றின் இழுவிசை, பாராவிங்கின் பரப்பளவோடு நேராகக் கூடும். ஆனால் காற்றின் வேகத்தோடு இரு மடியாகக் கூடும். அதாவது காற்று பாதியாகக் குறைந்தால், இழுவிசை கால் பங்காகிவிடும்.

உதாரணத்துக்கு, 4 சதுர மீட்டர் பாராவிங்கோடு 12 நாட் காற்றில் உங்களால் எழ முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். 6 சதுர மீட்டருக்கு மாறினால் அதே இழுவிசை சுமார் 10 நாட் காற்றில் கிடைக்கும். பரப்பளவு 50 விழுக்காடு கூடியும் லாபம் வெறும் 2 நாட்! 8 நாட் காற்றில் எழ வேண்டுமென்றால் 9 சதுர மீட்டர் தேவைப்படும்.

அளவு கூடினால் வேறு என்ன நடக்கும்?

பெரிய பாராவிங் மெதுவாகத் திரும்பும். பின்கையை அதிகம் இழுத்தால் பின்னோக்கிச் சரிந்து விழும். நனைந்தால் கனக்கும். அதைத் திரும்பப் பறக்கவிட உங்களுக்குக் காற்று வேண்டும், ஆனால் அந்த நேரத்தில் காற்று இருக்காது. சுருட்டிப் பையில் வைக்கவும் கூடுதல் நேரம் பிடிக்கும்.

அப்போ எதை முதலில் மாற்றலாம்?

பெரும்பாலும் ஃபாயிலையும் பலகையையும்தான். ஃபாயிலின் முன் இறக்கை பெரிதாக இருந்தால், குறைந்த வேகத்திலேயே பலகை எழும். நீளமான, ஒடுங்கிய பலகை தண்ணீரில் எளிதாக வழுக்கிச் சென்று அந்த வேகத்தை எட்டும். எழுந்த பிறகு இழுவிசை அதிகம் தேவையில்லை. கடினமான கட்டம் எழும் அந்தச் சில விநாடிகள்தான். இந்த இரண்டும் சரியாக இருந்தால், பெரிய பாராவிங் தரும் 2 நாட் உண்மையிலேயே பயன்படும்.

முதல்முறை முயலும்போது...

- கரையில் நின்றே பறக்கவிட்டு, இறக்கி, சுருட்டிப் பழகுங்கள்.
- கரையை நோக்கியோ கரையை ஒட்டியோ காற்று வீசும் நாளைத் தேர்ந்தெடுங்கள். கடலை நோக்கி வீசினால் வேண்டாம்.
- பலகைமேல் படுத்துக் கையால் துடுப்பு போட்டே திரும்பிவரக்கூடிய தூரத்தைத் தாண்டாதீர்கள். நீரோட்டத்தையும் கணக்கில் சேருங்கள்.
- லைஃப் ஜாக்கெட் கட்டாயம். பாராவிங் உங்களை மிதக்க வைக்காது.
- தனியாகப் போகாதீர்கள்.

சிங்கப்பூரில் எப்போது கூடுதல் கவனம்?

டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம்வரை வடகிழக்குப் பருவக்காற்று. ஜூன் முதல் செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவக்காற்று. இடைப்பட்ட மாதங்களில் காற்று மெலிந்து, திசையும் அடிக்கடி மாறும். பெரிய பாராவிங் மீது ஆசை வருவதும் அப்போதுதான்.

ஆனால் ஏப்ரல் முதல் நவம்பர்வரை சுமத்ரா காற்றும் வரும். பெரும்பாலும் விடியலுக்கு முன்பிருந்து நண்பகலுக்குள் இடி மின்னலோடு வரும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசக்கூடும். 10 நாட் என்பது மணிக்குச் சுமார் 18.5 கிலோமீட்டர்தான். 80 கிலோமீட்டர் காற்றில் இழுவிசை அதைவிட ஏறக்குறைய 19 மடங்கு! மெல்லிய காற்றுக்காக நீங்கள் எடுத்துப்போன பெரிய துணி, அந்த நேரத்தில் உங்களுக்கே ஆபத்து.

புறப்படும் முன் மைஎன்வி செயலியில் மழை, மின்னல் எச்சரிக்கையைப் பாருங்கள். மேற்கே வானம் கறுத்தால் உடனே பாராவிங்கைச் சுருட்டிவிட்டுக் கரைக்குத் திரும்புங்கள். "இன்னும் ஒரே ஒரு தடவை" வேண்டாம்.

வாங்கும் முன் நண்பரிடமோ பயிற்சி நிலையத்திலோ இரவல் கேட்டு ஒருமுறை முயன்று பாருங்கள். அன்றைக்குக் காற்று எத்தனை நாட், நீங்கள் எத்தனை முறை எழுந்தீர்கள் என்று குறித்து வையுங்கள். காசு கொடுக்கலாமா வேண்டாமா என்பதை அந்தக் குறிப்பே சொல்லிவிடும்.