நிலையாமை என்னும் சொல்லும் திருச்சிராப்பள்ளிக் குன்றும்

நெடிது நில்லாத பொருளைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் சொற்களுள் ‘எபிமெரல்’, ‘டிரான்சியன்ட்’ என்னும் இரண்டும் பெருவழக்கின. முன்னையது கிரேக்க மொழியினின்று வந்தது. ‘எபி’ என்னும் முன்னொட்டும் நாளைக் குறிக்கும் ‘ஹெமெரா’ என்னும் பெயரும் கூடி அமைந்தது. ஒரு நாளே நீடிக்கும் காய்ச்சலையும், சிறகு பெற்றுச் சிறுபொழுதில் மாய்ந்தொழியும் பூச்சியையும் சார்ந்து வழங்கிப் பின்னர்ப் பொதுப்பொருள் பெற்றது. பின்னையது இலத்தீன் வழியது. ‘கடந்து செல்வது’ என்பது அதன் வேர்ப்பொருள். ஒன்று நாளால் அளக்கின்றது. மற்றொன்று செலவால் அளக்கின்றது. தமிழோ நிற்றலைக் கொண்டு அளக்கின்றது.

நில் என்னும் பகுதியினின்று நிலையும், அதன்வழி நிலையாமையும் பிறந்தன. வீட்டு வாயிலின் சட்டம் நிலை. கோபுரத்தின் அடுக்கு நிலை. திருவரங்கத்துத் தேர் வீதிவலம் முடித்து வந்து சேருமிடமும் நிலையே. தொல்காப்பியர் நிலையாமையைக் காஞ்சித்திணைக்கு உரியதாக்கினார்; வள்ளுவர் துறவறவியலில் அதனை 34ஆம் அதிகாரமாக வைத்தார். இவை கொண்டு இச்சொல் துறவையே சுட்டுவதெனக் கருதுவாரும் உளர். அக்கருத்து முழுமையுடையதன்று என்பது எம் துணிபு. குமணனைப் பெருந்தலைச் சாத்தனார் பாடிய புறநானூற்று 165ஆம் பாட்டு, அழியும் உலகில் அழியாதிருக்க விரும்பினோர் தம் புகழை நிறுத்திவிட்டுத் தாம் மறைந்தனர் என்னும் பொருளது. ஆண்டுப் புகழுக்கு வரும் வினை, நில் என்பதன் பிறவினையாகிய நிறு என்பதே. நில்லாமையை உணர்ந்தோர் கைவிட்டு அகலாது, ஒன்றை நிறுத்த முயன்றனர் என்பது இதனாற் பெறப்படும்.

இக்கருத்துக்குக் கல்லிற் கிடைக்கும் சான்று திருச்சிராப்பள்ளிக் குன்றின் மேற்குடைவரையில் உள்ளது. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்மன் அகழ்ந்த கோயில் அது. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியன இன்றிக் கோயில் எடுத்தமையை மண்டகப்பட்டுக் கல்வெட்டிற் கூறிக்கொண்டவன் அவனே. இக்குன்றில் கங்காதரர் சிற்பத்தின் இருமருங்கும் உள்ள தூண்களில் வடமொழிச் செய்யுட்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று, குணபரன் என்னும் அவ்வேந்தன் கல்லுருவை நிறுவித் தாணுவை நிலைபெறச் செய்து, அவனோடு தானும் உலகில் தாணுவாயினான் என்கின்றது. தாணு சிவபெருமான் திருப்பெயர். அசையாது நிற்பது என்பதும் அதன் பொருள். அது நிற்றலைக் குறிக்கும் ‘ஸ்தா’ என்னும் வடமொழி வேரினின்று தோன்றியது. தமிழ் நில் வேறு, ‘ஸ்தா’ வேறு. இவற்றிடையே காண்பது கருத்தொப்புமையே அன்றி இனவுறவன்று. எனினும் புறநானூற்றுப் புலவர் கண்ட நெறியையே பல்லவ வேந்தன் மற்றொரு மொழியிற் கல்லிலே பொறித்தான் எனலாம்.

நிறுத்தியதும் நில்லாது போவதுண்டு. 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தில்லிப் படையெடுப்பால் திருவரங்கத்துத் திருமேனி ஊரைவிட்டு அகன்றது; திருமலையிலும் செஞ்சியிலும் தங்கிய அதனைக் கோபணாரியர் மீண்டும் அரங்கத்தில் எழுந்தருளுவித்தமையை அக்கோயிலின் சகம் 1293ஆம் ஆண்டுக் (கி.பி. 1371-72) கல்வெட்டு உரைக்கின்றது. இவ்வாறு நிறுவுதலைக் குறிக்கும் பிரதிட்டை என்னும் சொல்லும் ‘ஸ்தா’ வேரினதே. ஆற்றின் வரலாறும் இவ்வாறே. கொள்ளிடம் நீரை மிகுதியாக ஈர்த்துக்கொள்ள, காவிரி மணல் மேடிட்டது. அதனைத் தடுக்க ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் மேலணை எழுப்பினார். தலைமுறை பல கடந்து நின்ற அவ்வணையின் கொள்ளிடப் பகுதியில் 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் 9 மதகுகள் உடைந்து போயின. பின்னர் அங்கே புதிய கதவணை எழுந்தது.

ஆகவே, நாளால் அளக்கும் சொல் ஒரு பொருளின் வாழ்நாளைச் சொல்லி அமைகின்றது. கடந்து செல்லுதலைச் சொல்லும் சொல் அதன் போக்கைச் சொல்லி அமைகின்றது. நிலையாமை என்னும் தமிழ்ச்சொல்லோ, இழப்பை உரைக்கும்போதே நிறுத்துதல் என்னும் கடமையையும் தன் பகுதியிலே கொண்டுள்ளது. ஆண்டுதோறும் தேர் நிலையை விட்டுப் பெயர்கின்றது. அதனை நிலைக்குக் கொணர்வன வடம் பிடிக்கும் கைகளே.