ஆறாம் நம்பர் பனியன்

சேலம் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி, எதிரே வரும் பத்துப் பேரிடம் 'ரக்பி தெரியுமா?' என்று கேட்டுப் பாருங்கள். எட்டுப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். ஒன்பதாவது ஆள், 'முட்டை மாதிரி பந்தைத் தூக்கிட்டு ஓடுவாங்களே, அதானே?' என்பார். முட்டை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் பத்தாவது ஆள் நாமக்கல் பஸ்ஸைக் கை காட்டிவிடுவார்!

முட்டை வடிவப் பந்துதான். பக்கத்துக்கு 15 பேர். பந்தை இடுக்கிக்கொண்டு ஓடலாம், காலால் உதைக்கலாம். ஆனால், முன்னால் நிற்கும் சொந்த ஆளுக்குக் கையால் தூக்கிப் போடக் கூடாது. எதிராளி இடுப்பைக் கட்டித் தரையில் சாய்ப்பான். நம் சடுகுடுவையும் கால்பந்தையும் ஒரே உரலில் போட்டு இடித்தது போல ஓர் ஆட்டம்.

இந்த ஆட்டத்தின் உலகக் கோப்பை ஃபைனல் ஒன்றுக்கு உங்களை அழைத்துப் போகிறேன். 1995, ஜூன் 24. தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க் நகரம். எல்லிஸ் பார்க் மைதானம். கேலரியில் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். பெரும்பாலும் வெள்ளையர்கள். ஓர் ஓரமாக உட்கார்ந்துகொள்ளுங்கள்.

'அதெல்லாம் சரி, நமக்கு அங்கே என்ன வேலை?' என்கிறீர்களா? இருக்கிறது. அதற்கு முதலில் 120 வருஷம் பின்னால் போய் வர வேண்டும்.

தாது வருஷப் பஞ்சத்தை நம் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876-ல் மழை பொய்த்தது. அடுத்த இரண்டு வருஷங்கள் நரகம். அன்றைய சேலம் ஜில்லா என்பது நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்தது. 1871 கணக்கெடுப்பில் அங்கே ஜனத்தொகை 19 லட்சத்துக்கும் மேல். 1881-ல் எண்ணிப் பார்த்தால் சுமார் 16 லட்சம்தான். மூன்று லட்சத்துக்கும் மேல் தலைகள் காணோம்! செத்தவர்கள் போக, பிழைப்பு தேடிப் போனவர்கள் மீதி.

இங்கே ஒரு வேடிக்கை. கல்கத்தாவில் இருந்த ஆங்கிலேயர்கள் ஒரு ரக்பி கிளப் நடத்தி வந்தார்கள். ஆட ஆள் குறைந்து 1878-ல் அதை மூடினார்கள். பாங்கில் மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து, உருக்கி, ஒரு கோப்பை செய்தார்கள். மூடியில் யானை, கைப்பிடிகளாக நாகப்பாம்புகள்! 1879-ல் இருந்து இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அந்தக் 'கல்கத்தா கோப்பை'க்காக மோதுகின்றன. கோப்பைக்கும் பஞ்சத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால், ஒரே நாடு, ஒரே காலம். ஓரிடத்தில் வெள்ளி ரூபாய் உருகிக் கோப்பையானது. இன்னோரிடத்தில் ஒரு வெள்ளி ரூபாய்க்கு வழியில்லாமல் குடும்பங்கள் ஊரைக் காலி செய்தன.

அவர்களில் ஒரு பகுதியினர் போய்ச் சேர்ந்த இடம்தான் தென்னாப்பிரிக்காவின் நேட்டால். 1860 நவம்பர் 16-ம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் மதராஸிலிருந்து டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். பெரும்பாலோர் மதராஸில் கப்பல் ஏறியவர்கள். வட ஆற்காடு, செங்கல்பட்டு, சேலம், திருச்சி, தஞ்சாவூர் என்று பல ஜில்லாக்காரர்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் மாதச் சம்பளம் 10 ஷில்லிங். வேலை, கரும்புத் தோட்டத்தில்.

மோகனூர்ப் பக்கம் கரும்பு வெட்டியவரைக் கேளுங்கள், சோகை கையை எப்படி அறுக்கும் என்று சொல்வார். கூடவே சவுக்கடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுதான் நேட்டால். 1894-ல் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலி, முதலாளி அடித்ததில் பல் உடைந்து, ரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் ஏந்தியபடி ஒரு இளம் வக்கீலின் முன் வந்து நின்றார். அந்த வக்கீல், காந்தி. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் தலைக்கு வருஷம் மூன்று பவுண்ட் வரி கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. அதை எதிர்த்து 1913-ல் சுரங்கத் தொழிலாளிகளும் தோட்டத் தொழிலாளிகளும் வேலையை நிறுத்தினார்கள். அடுத்த வருஷம் வரி ஒழிந்தது. அப்போது சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி, காந்தியின் தென்னாப்பிரிக்கச் சிறை அனுபவங்களைச் சிறு புத்தகமாக அச்சிட்டார். அந்தச் சத்தம் சேலம் வரை கேட்டிருக்கிறது, பாருங்கள்!

வரி போனது. நிறவெறி போகவில்லை. 1948-க்குப் பிறகு அதுவே அரசாங்கத்தின் கொள்கையானது. தெரு தனி, பள்ளிக்கூடம் தனி, பஸ் தனி. விளையாட்டு மட்டும் தப்புமா? டர்பனில் பப்வா செவ்கோலம் என்று ஓர் இந்திய வம்சாவளிக்காரர். எழுதப் படிக்கத் தெரியாத கோல்ஃப் வீரர். 1963-ல் நேட்டால் ஓப்பன் போட்டியில் வெள்ளைக்காரர்களை எல்லாம் தோற்கடித்தார். பரிசு கொடுக்க வேண்டுமே! கிளப் கட்டடத்துக்குள் இந்தியர் நுழையக் கூடாது. ஜெயித்தவர் வெளியே, கொட்டும் மழையில் நின்று கோப்பையை வாங்கினார்.

ரக்பி இன்னும் மோசம். அது வெள்ளையர்களின், முக்கியமாக ஆஃப்ரிகானர்களின் ஆட்டம். தேசிய அணிக்கு 'ஸ்பிரிங்பாக்' என்று ஒரு வகை மானின் பெயர். பச்சையும் தங்க நிறமுமான அந்தப் பனியனை ஒரு கறுப்பர் போடுவதை நினைத்தும் பார்க்க முடியாது. ஆட்டம் பார்க்க வந்தால் கறுப்பர்களுக்கும் கலப்பினத்தவருக்கும் இந்தியர்களுக்கும் தனி மூலை. அந்த மூலையில் இருந்தவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். எந்த நாடு எதிர்த்து ஆடினாலும் அந்த நாட்டுக்குக் கை தட்டினார்கள்! சொந்த நாடு தோற்றால் விசில்! தேசத்துரோகமா? நாடு அவர்களைத் தன் பிள்ளை என்று சொன்னால்தானே, அவர்கள் அதை நாடு என்பார்கள்?

கை தட்டாததோடு நிற்கவில்லை. சாம் ராம்சாமி என்ற டர்பன்காரர் லண்டனில் உட்கார்ந்துகொண்டு, நிறவெறி நாட்டோடு யாரும் விளையாடாதீர்கள் என்று உலகம் முழுக்கக் குரல் கொடுத்தார். 1981-ல் ஸ்பிரிங்பாக் அணி நியூஸிலாந்து போனபோது, ஹாமில்டன் மைதானத்துக்குள் எதிர்ப்பாளர்கள் புகுந்து ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். 1987, 1991 உலகக் கோப்பைகளில் தென்னாப்பிரிக்காவுக்கு இடமே இல்லை.

ராபன் தீவுச் சிறையிலும் அதே கதைதான். காவலர்கள் ஸ்பிரிங்பாக் ரசிகர்கள். கைதிகள் எதிரணி ரசிகர்கள். அங்கே நெல்சன் மண்டேலா 18 வருஷம் இருந்தார். காந்தியின் தோழர் தம்பி நாயுடுவின் பேரன் இந்திரெஸ் நாயுடுவும் அதே சிறையில் 10 வருஷம் கழித்தார். பாட்டன் தொடங்கிய சண்டை, பேரன் வரை!

1994-ல் மண்டேலா ஜனாதிபதி. 'முதல் வேலையாக அந்த மான் சின்னத்தைத் தூக்கி எறிய வேண்டும்' என்றார்கள் அவருடைய ஆட்களே. மண்டேலா மறுத்தார். தோற்றவனிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கினால், அவன் எதிரியாகவே இருப்பான் என்று அவருக்குத் தெரியும்.

சரி, எல்லிஸ் பார்க்குக்குத் திரும்புவோம். தலைக்கு மேல் ஜம்போ ஜெட் ஒன்று தாழப் பறந்து கேலரியையே அதிரவைக்கிறது. எதிரணி நியூஸிலாந்து. அதில் ஜோனா லோமு என்ற மலை. அரையிறுதியில் இங்கிலாந்தை மிதித்துத் துவைத்தவர். ஆட்டம் தொடங்கும் முன் 76 வயதுக் கிழவர் ஒருவர் மைதானத்துக்குள் நடந்து வருகிறார். மண்டேலா! அவர் உடம்பில் பச்சைப் பனியன். தலையில் பச்சைத் தொப்பி. முதுகில் ஆறாம் நம்பர். கேப்டன் ஃபிரான்ஸுவா பியனாரின் நம்பர் அது.

எந்தப் பனியன் தோற்க வேண்டும் என்று சிறையில் ஆசைப்பட்டாரோ, அதே பனியன்.

ஒரு நொடி மௌனம். அப்புறம், 'நெல்சன்... நெல்சன்...' என்று அந்த வெள்ளைக் கூட்டம் கத்துகிறது.

ஆட்டத்தில் இரு பக்கமும் ஒரு 'ட்ரை'கூட விழவில்லை. எல்லாம் உதைத்து எடுத்த புள்ளிகள். 9-9 சமன். கூடுதல் நேரத்தில் 12-12. கடைசியில் ஜோயல் ஸ்ட்ரான்ஸ்கி உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே பறந்தது. 15-12. தென்னாப்பிரிக்கா சாம்பியன்! 'இங்கிருக்கும் 60 ஆயிரம் பேரின் ஆதரவு எப்படி இருந்தது?' என்று பியனாரிடம் கேட்டார்கள். எங்களோடு இருந்தது 43 மில்லியன் தென்னாப்பிரிக்கர்கள் என்று திருத்தினார் அவர். 2009-ல் இதை 'இன்விக்டஸ்' என்று படமாக எடுத்தார்கள். மண்டேலாவாக மார்கன் ஃப்ரீமேன்.

ஒரே ஆட்டத்தில் எல்லாம் மாறிவிட்டதா? இல்லை. அன்று ஆடிய 15 பேரில் வெள்ளையரல்லாதவர் செஸ்டர் வில்லியம்ஸ் ஒருவர்தான். அதே ஆறாம் நம்பரை அணிந்து ஒரு கறுப்பர், சியா கொலிஸி, கேப்டனாகக் கோப்பையைத் தூக்க 2019 ஆயிற்று. அதற்கு 24 வருஷம் பிடித்தது. பனியனைப் போட ஒரு நிமிஷம், அதற்கு அர்த்தம் வர ஒரு தலைமுறை.

தாது வருஷத்தில் ஊரைவிட்டுப் போனவர்களின் கொள்ளுப் பேரப்பிள்ளைகளுக்கு அன்று கிடைத்தது கோப்பை மட்டுமல்ல. சொந்த நாட்டுக்குக் கை தட்டும் உரிமை.

நம் ஊரிலும் கேலரிகள் உண்டு. எல்லோரும் சேர்ந்து இழுக்க வேண்டிய தேர், எல்லோரும் நடக்க வேண்டிய தெரு, எல்லோரும் எரிக்க வேண்டிய மயானம். அங்கெல்லாம் ஓரமாக நிற்கவைக்கப்பட்டவன் நமக்காகக் கை தட்டவில்லை என்று கோபப்படுவதற்கு முன், ஒரு கேள்வி. அவனுடைய பனியனை நாம் ஒரு தடவையாவது போட்டுப் பார்த்திருக்கிறோமா?