டிரிம்மர்: ஒரு வசைச் சொல்லின் சரித்திரம்

நடுநிலை என்றால் ஒதுங்கி நிற்பது என்றே நாம் அர்த்தம் கொள்கிறோம். இந்த அர்த்தத்தில் எனக்குச் சந்தேகம் எழக் காரணம் 'டிரிம்மர்' என்ற ஆங்கிலச் சொல்.

1680களின் இங்கிலாந்து. இரண்டாம் சார்லஸுக்குச் சட்டபூர்வமான வாரிசில்லை. தம்பி ஜேம்ஸ் கத்தோலிக்கர். அவருக்கு முடி கூடாது என்றனர் விக் கட்சியினர். வாரிசுரிமையே பெரிது என்றனர் டோரிகள். இரண்டிலும் முழுதாகச் சேராதவர்களை டிரிம்மர் என்று தன் பத்திரிகையில் விடாமல் ஏசினார் டோரி எழுத்தாளர் ரோஜர் லெஸ்ட்ரேஞ்ஜ். ஹாலிஃபாக்ஸ் பிரபு ஜார்ஜ் ஸாவில் அந்த வசையையே ஏற்றுக்கொண்டு, டிரிம்மரின் குணச்சித்திரமாக ஒரு பிரசுரம் எழுதினார். சில ஆண்டுகள் கைப்பிரதியாக உலவி, 1688இல் அது அச்சேறியது.

அவர் தரும் அர்த்தம் படகிலிருந்து வருகிறது. ஒரு சாரார் ஒரு பக்கம் அழுத்த, மறு சாரார் எதிர்ப்பக்கம் அழுத்த, படகு சமமாகப் போகட்டும் என்பவனே டிரிம்மர்.

நமது நடுவு நிலைமைக்குக் குறளின் 12ஆம் அதிகாரம் தரும் படிமம் துலாக்கோல். கோலைப் பிடித்தவன் எந்தத் தட்டிலும் இல்லை. படகிலோ வெளியாள் கிடையாது. சமன் செய்ய வேண்டுமானால் தானே எழுந்து இடம் மாற வேண்டும். கரையிலிருப்பவனுக்கு அது கட்சி தாவலாகத்தான் தெரியும்.

1680 நவம்பரில் ஜேம்ஸை விலக்கும் மசோதாவைப் பிரபுக்கள் சபையில் ஹாலிஃபாக்ஸ் எதிர்த்துப் பேசினார்; 63க்கு 30 என்று அது தோற்றது. 1685இல் மன்னரான அதே ஜேம்ஸ், கத்தோலிக்கர்களுக்குப் பதவிகளை மறுத்த சட்டங்களை நீக்க முயன்றபோது இவர் உடன்படவில்லை, பதவி போயிற்று. 1689 பிப்ரவரி 13 அன்று, ஜேம்ஸ் இழந்த முடியை வில்லியமுக்கும் மேரிக்கும் இரு சபைகளின் சார்பில் அளித்தவரும் இவரே. சந்தர்ப்பவாதி ஜெயிக்கிற பக்கம் போவான். இவர் ஜெயிக்கிற பக்கத்தை விட்டு விலகியவர் என்பதை மெக்காலே சரியாகவே கண்டார்.

ஆனால் படகு யாருடையது, துடுப்புப் போடுவது யார் என்று அந்த உவமை கேட்பதில்லை. விலக்கப்பட்ட கத்தோலிக்கனுக்கு இவருடைய சமநிலை வெறும் மூடிய கதவுதான். எனவே ஹாலிஃபாக்ஸை நான் முழுதாக ஒப்பவில்லை.

பின்னாளில் அந்தச் சொல் பழைய வசைக்கே திரும்பிவிட்டது. அகராதியில் இன்று டிரிம்மர் காற்றடிக்கும் பக்கம் சாய்கிறவன். லெஸ்ட்ரேஞ்ஜே ஜெயித்தார். எனக்கு மிஞ்சியது ஒரு கேள்வி. நடுநிலையாளன் என்று ஒருவன் சொல்லிக்கொள்ளும்போது, அவன் எங்கே நிற்கிறான் என்று இனிக் கேட்கமாட்டேன். எந்தப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தான், எழுந்ததில் எதை இழந்தான் என்றுதான் கேட்பேன்.