ஆறு சாம்பிளும் ஒரு மறுபரிசோதனையும்

ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தவன் நான். கேஜ் ரிஜெக்ட் செய்த பீஸை நாங்கள் உடனே உடைத்துப் போட்டதில்லை. வேறொரு கருவியில் வைத்து மறுபடி பார்ப்போம். நல்ல பீஸும் சிலசமயம் அந்த டப்பாவில் கிடக்கும்.

இது எதற்கு என்றால், பல வருடங்களுக்கு முன் ஒரு ராத்திரி பக்கத்துத் தெரு நண்பர் கதவைத் தட்டினார். "சார், பையன் கம்பெனி கேம்ப்ல ரத்தம் குடுத்தான். இப்ப எச்.ஐ.வி. இருக்கும்போல, வந்து பாருன்னு கூப்பிட்டிருக்காங்க. ஆனேக்கல்ல பொண்ணு நிச்சயம் பண்ணியாச்சு சார்" என்றார். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு நான் அவருக்குச் சொன்னது மெட்ராஸில் நடந்த சம்பவம். 1986-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் பேராசிரியர். அவருடைய மாணவி டாக்டர் நிர்மலா. இந்தியாவில் எய்ட்ஸ் கிடையாது என்று எல்லோரும் நம்பிய நேரம். மயிலாப்பூர் காப்பகத்தில் இருந்த பெண்களிடமிருந்தும் பிற இடங்களிலிருந்தும் நிர்மலா 80 சாம்பிள் எடுத்தார். சோதிக்கும் வசதி மெட்ராஸில் இல்லை. ஐஸ் பெட்டியில் வைத்து, கணவர் துணையோடு ராத்திரி ரயிலேறி வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். எலிசா சோதனையில் ஆறு சாம்பிள் மஞ்சளாக மாறின.

உடனே அறிவித்துவிட்டார்களா? இல்லை. அந்த ஆறு பேரிடமும் புதிதாக ரத்தம் எடுத்தார்கள். அதை அமெரிக்காவுக்கு அனுப்பி, வெஸ்டர்ன் பிளாட் என்ற வேறு வகைச் சோதனை செய்தார்கள். அங்கும் உறுதியான பிறகே அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டசபையில் அறிவித்தார்.

காரணம் இருக்கிறது. எலிசாவுக்கு 1985-ல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தது தானமாக வரும் ரத்தத்தைச் சலிக்கத்தான். கெட்ட ரத்தம் ஒன்றுகூடத் தப்பிவிடக் கூடாது என்பதால், கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் 'இருக்கிறது' என்று காட்டும்படி வைத்திருந்தார்கள். சில நோய்களும், கர்ப்பமும், அண்மையில் போட்ட தடுப்பூசியும்கூட அதை ஏமாற்றலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10,000 பேரில் 20 பேருக்கு உண்மையில் தொற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். சோதனை ஆயிரம் பேரில் ஐந்து பேரைத் தவறாகக் காட்டினால், தொற்று இல்லாத சுமார் 50 பேர் மாட்டுவார்கள். மொத்தம் 70 பாசிட்டிவில் 50 பொய். அதனால்தான் அரசு நம்பிக்கை மையங்களில் மூன்று வெவ்வேறு கிட்டுகளில் பார்க்கிறார்கள். மூன்றும் ஒத்துப்போனால்தான் பாசிட்டிவ் என்று எழுதுவார்கள்.

மறுநாள் பையன் நம்பிக்கை மையத்துக்குப் போனான். முதல் கிட் பாசிட்டிவ், அடுத்தவை நெகட்டிவ். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

அந்த இரண்டு வாரம்தான் கொடுமை. நண்பர் நாலு லேபுக்கு அலையலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பையன் ஷிப்டுக்குத் தவறாமல் போனான். சாயங்காலம் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருவான். நோயைப் பற்றிப் பேச மாட்டோம். ஒருநாள் அவனாகவே, "அங்கிள், இருந்துட்டா?" என்றான். "இருந்தா மருந்து இருக்குப்பா. 2004-லிருந்து அரசாங்கமே இலவசமா குடுக்குது. தாம்பரத்துல ஆரம்பிச்சது" என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "பொண்ணு வீட்ல நானே சொல்லுவேன்" என்றான்.

பதினைந்தாம் நாள் நெகட்டிவ் என்று வந்தது. இருந்தும் அவன் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னான். கல்யாணம் நடந்தது. இப்போது இரண்டு பிள்ளைகள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு செய்தி வந்தால், முதல் ரிசல்ட்டை வைத்து யாரையும் எடைபோடாதீர்கள். நம்பிக்கை மையத்துக்கு அனுப்புங்கள். தெரியாததைக் கேட்க 1097-க்குப் போன் செய்யலாம். முடிவு வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.