ஆற்றோவியமும் மலைத்தோட்டமும்

விக்டோரியா அரசியார் காலத்தில் (1837–1901) நீர்வண்ண நிலக்காட்சி ஓவியம் ஆங்கிலேயரிடையே பெருவழக்குப் பெற்றிருந்தது. சிறு பெட்டியில் அடங்கும் வண்ணக்கட்டிகள் பயணிகளுக்கு அக்கலையை எளிதாக்கின. இலங்கையில் அதனைக் கற்பித்தோருள் அந்திரூ நிக்கல் ஒருவர். பெல்பாஸ்ற் நகரினரான இவர் 1846இல், பின்னாளில் றோயல் கல்லூரியான கொழும்பு அக்கடமியில் ஆசிரியரானார்.

சப்பிரகமுவையின் ஆற்றுவழியே பயணஞ்செய்த ஓவியருள் குறிப்பிடத்தக்கவர் ஜெர்மானிய விலங்கியற் பேராசிரியர் ஏர்ன்ஸ்ற் ஹெக்கல். 1881 நவம்பரில் இலங்கை வந்த இவர், 1882இல் பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் ஹென்றி திறிமனுடன் ஹோட்டன் சமவெளிக்குச் சென்றார். பின்னர் மலையிறங்கி இரத்தினபுரியை அடைந்து, களுகங்கையிற் படகேறிக் களுத்துறை சேர்ந்தார். நீர்வண்ணத்தில் வல்லவரான அவர் தீட்டிய இலங்கைக் காட்சிகள் சில 1905இல் நூலில் வெளிவந்தன.

அக்கால ஆற்றோவியங்களில் மூங்கிற் புதர், ஓலைக்குடில், தோணி, நீராடுவோர் முதலியன முன்னணியில் நிற்கும். மலைகள் மங்கிய நீலமாய்ப் பின்னணியில் ஒதுங்கும். தொலைவைக் காட்ட வண்ணத்தை நீரிற் கரைத்து மெலிதாக்குவது அக்கலையின் மரபு. வரலாற்று மாணவர் ஊன்றி நோக்கவேண்டியது அந்நீலத்தையே. பலாங்கொடை, றக்குவானை மலைச்சாரல்களிற் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. தமிழகத்திலிருந்து கங்காணிமாருடன் வந்த தொழிலாளர் அங்கு லயன்களில் வாழ்ந்தனர். 1869இற் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்துக்கொண்டிருந்த காலம் அது. கூலி நிலுவையும் கங்காணியிடம் பட்ட கடனும் அவர்களை நெருக்கின. ஆற்றின் அமைதியைத் தீட்டிய தூரிகைக்கு இவை எட்டவில்லை.

ஆறுங்கூட வெறுங் காட்சிப்பொருளன்று. புகையிரதம் 1912இலேயே இரத்தினபுரியை எட்டியது. அதற்கு முன்னர் களுகங்கை இப்பகுதியின் முக்கிய வணிகப் பாதைகளுள் ஒன்றாக விளங்கியது. பாக்கு முதலிய விளைபொருள்கள் கீழிறங்க, அரிசியும் உப்பும் மேலேறின. அழகுக்காகத் தீட்டப்பட்ட தோணி உண்மையிற் சரக்கு சுமந்த தோணியே.

ஓவியம் பொய் கூறவில்லை. தான் நின்ற இடத்திலிருந்து கண்டதையே கூறிற்று. ஆயினும் அதுவே முழு நாட்டுப்புறமும் எனக் கொள்ளப்படுமிடத்துத் தோட்டத்தார் அந்நியராகவே எண்ணப்படுவர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மூதாதையர் பிறப்புக்குச் சான்று கேட்டது. தலைமுறைகளாக உழைத்தோர் பலரிடம் காட்டுதற்குத் தாள் இருக்கவில்லை. மலையகத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர்.

ஆகவே இவ்வோவியங்களைத் தோட்டக் கணக்கேடுகளோடும் தொழிலாளரின் வாய்மொழிப் பாடல்களோடும் ஒப்புநோக்கிக் கற்றல் வேண்டும். அப்போதே அம்மங்கிய நீலத்துள் வாழ்ந்த மாந்தர் நமக்குப் புலப்படுவர்.